சாவா மூவாப் பேராடு

நவரை அறுப்பு முடிஞ்சு, வைக்கோலைக் கட்டி ஏத்தினப்புறம் எங்க பக்கத்துக் கழனியெல்லாம் ஒரு மாதிரி வெறிச்சுனு கிடக்கும். உத்திரமேரூர் பக்கம் சித்திரை வெயில் எப்படி இருக்கும்னு தெரியணும்னா, மதியம் ரெண்டு மணிக்கு ஏரிக்கரை மேல செருப்பில்லாம பத்தடி நடந்து பாருங்க. பாலாறு மணலாக் கிடக்கும், செய்யாறும் மணலாக் கிடக்கும். 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்து பாலமெல்லாம் போனதைப் பார்த்த எங்களுக்கே, இதுலயா அவ்ளோ தண்ணி வந்துச்சுன்னு சந்தேகம் வரும். அந்த நேரத்துலதான் ஆட்டுக்கார மாமா வருவார்.

மாமான்னா சொந்த மாமா இல்ல. அவங்க வேற, நாங்க வேற. எங்க நைனாவை அவர் மச்சான்னு கூப்பிடுவார், அதனால நான் மாப்ள. ஊர் முறை அப்படித்தான் ஓடும். எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து வருஷா வருஷம் எங்க கழனியில கிடை போடுறது அவங்க குடும்பம்தான். அவரோட அப்பா எங்க தாத்தா காலத்துல போட்டார்.

சென்னையில இருக்குறவங்களுக்குக் கிடைன்னா என்னன்னு கொஞ்சம் சொல்லிடறேன். பகல் பூரா ஆட்டை மேய்ச்சுட்டு, ராத்திரி கழனியில வலையைச் சுத்திக் கட்டி உள்ள அடைச்சிடுவாங்க. இருநூறு ஆடு ஒரு ராத்திரி பூரா புழுக்கையும் மூத்திரமும் போட்டா, அந்த இடத்துக்கு வேற உரமே வேணாம். மறுநாள் வலையைப் பக்கத்துல தள்ளிக் கட்டுவாங்க. இப்படி நாலஞ்சு ராத்திரியில ஒரு துண்டு கழனியை முடிச்சிடலாம். ஆடு எழுந்து போன கையோட காலையிலயே ஒரு ஓட்டு ஓட்டிடணும், இல்லன்னா மூத்திரத்துல இருக்குற சத்து வெயில்ல ஆவியாப் போயிடும். ஆட்டுப் புழுக்கையில தழைச்சத்து 3 சதவீதம், மணிச்சத்து 1, சாம்பல் சத்து 2 சதவீதம் இருக்குன்னு வேளாண்மைக்காரங்க கணக்கு சொல்றாங்க. எங்க ஆயா இதையே சுருக்கமா சொல்லும்: ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம். ஒரே ஒரு தொல்லை, சீமைக்கருவேலங்காயைத் தின்னுட்டு வந்து விதையையும் சேர்த்து நம்ம கழனியில போட்டுட்டுப் போயிடும். மழை பெஞ்சதும் முளைச்சு நிக்கும். அதைப் பிடுங்குறதுக்குத் தனியா ஒரு ஆள் கூலி.

மாமாகிட்ட இருக்குறது எங்க பக்கத்து ஆடு. மெட்ராஸ் ரெட்னு படிச்சவங்க சொல்ற செம்மறி. அரக்குச் சிவப்பு, சிலதுக்கு நெத்தியில மட்டும் வெள்ளை. மேலே கம்பளி இருக்காது, முடிதான். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் சுத்துப்பட்டுதான் இதுக்குப் பூர்வீகம். வெயிலைத் தாங்கும், காய்ஞ்ச புல்லைத் தின்னு வயித்தை நிரப்பிக்கும். பெட்டை இருபத்தஞ்சு கிலோ வந்தா பெரிசு.

போன வருஷம் சித்திரையில நடந்ததை எழுதணும்னு ஒரு வருஷமா நெனச்சுக்கிட்டே இருக்கேன். எழுதாம தள்ளிப் போட்டதுக்குக் காரணம் நெல்லும் இல்ல, வேலையும் இல்ல.

அந்த வருஷம் மாமா வந்தப்ப மொத்தம் நூத்தி எண்பத்தாறு உருப்படி. கூட அவரோட பேரன், எட்டாவது பரீட்சை எழுதிட்டு லீவுக்கு வந்த பையன். மாமாவோட மகன் ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ல போயிட்டு வர்றார், அவருக்கு ஆடுன்னா ஆகாது. ஆவணியில மாமாவோட கடைசிப் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருந்தாங்க. "பக்ரீத்துக்குக் கெடா பத்து தள்ளிட்டா நகைக்கு ஆச்சு மாப்ள. பொடவைக்கு நாலு பெட்டை. அது போதும்"னு வந்த அன்னிக்கே கணக்கு சொன்னார். என் வீட்டுக்காரி பிள்ளையார்பாளையத்துப் பொண்ணு. மச்சினன் வீட்டுல இன்னும் குழித்தறி ஓடுது. அதனால பொடவை பொறுப்பு எங்க தலையில.

நான் அந்த வருஷம் மாட்டுக்குத் தீவனச்சோளம் அரை ஏக்கர் போட்டிருந்தேன். கோ எஃப்எஸ் 29. ஒரு அறுப்பு அறுத்தாச்சு. கட்டையிலேர்ந்து மறுபடி தழைஞ்சு முழங்கால் உயரம் வர்ற நேரம் பார்த்து போர்ல தண்ணி இறங்கிடுச்சு. மோட்டார் பத்து நிமிஷம் ஓடும், அப்புறம் காத்துதான் வரும். பயிர் சுருண்டு போச்சு. மாமா வந்த முதல் நாளே அதைப் பார்த்துட்டு நின்னார்.

"கட்டைப் பயிரா?"

"ஆமா மாமா."

"காய்ஞ்சு கீது. ஆடு வாய் வச்சா போச்சு. படலை நல்லாக் கட்டு."

வாடின இளம் சோளத்துல ஒரு விஷம் இருக்கும். சயனைடு வகை. அதுலயும் நல்லா காய்ஞ்சு கிடந்து, ஒரு மழை பெஞ்சு, புதுசா இலை விட்டுச்சுன்னா அதுதான் ரொம்ப மோசம். நல்லா வளர்ந்து பூ வந்தப்புறம் அறுத்துப் போட்டா ஒண்ணும் பண்ணாது. இது படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட விஷயமில்ல, எங்க பக்கத்துல மாடு வச்சிருக்குற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். முள்ளு வேலி கட்டி, மூங்கில் படல் வச்சு, கயிறு போட்டுத்தான் வச்சிருந்தேன்.

மூணாம் நாள் ராத்திரி ஒரு கோடை மழை. அரை மணி நேரம் கொட்டிட்டு நின்னுடுச்சு. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு, விடியற்காலையில அஞ்சு மணிக்கு, போர்ல ஏதாச்சும் ஊறியிருக்கான்னு பார்க்க சோளக் கழனி வழியா மோட்டார் கொட்டாய்க்குப் போனேன். படலைத் திறந்தேன். மோட்டாரைப் போட்டேன். பதினஞ்சு நிமிஷம் ஓடுச்சு, சந்தோஷம். அப்ப வீட்டுலேர்ந்து போன். செனைமாடு கத்துது, சீக்கிரம் வாங்கன்னு. ஓடினேன். படலை இழுத்துச் சாத்தினேன். கயிறு கட்டல.

கயிறு கட்டலைன்னு எனக்கு அப்பவே தெரியும். வந்து கட்டிக்கலாம்னு நெனச்சேன்.

கன்னு ஈன்றதுக்கு ஏழரை ஆயிடுச்சு. அதுக்குள்ள கிடையில இருந்த ஆட்டைப் பையன் ஓட்டிக்கிட்டு வந்திருக்கான். மாமா டீ குடிக்கப் போயிருந்தார். பையன் வேப்ப மரத்தடியில உட்கார்ந்து போனைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கான். ரெண்டு ஆடு படலை முட்டியிருக்கு, திறந்துக்கிச்சு. பச்சையா இருக்குற இடம் ஊர்லயே அது ஒண்ணுதான். ஆடு போகாம என்ன பண்ணும்?

நான் போய்ச் சேர்றப்ப பையன் அழுதுகிட்டே ஆட்டை வெளியே ஓட்டிக்கிட்டு இருந்தான். ஆறு ஆடு தள்ளாடுது. வாயில நுரை. மூச்சு நாய் மாதிரி வாங்குது. ஒண்ணு என் காலடியிலயே விழுந்து கழுத்தைப் பின்னாடி வளைச்சுக்கிட்டு உதைச்சுச்சு. 1962-க்கு போன் போட்டோம். டாக்டர் பக்கத்து ஊர்லதான் இருந்தார், முக்கால் மணியில வந்துட்டார். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட்னு ரெண்டு ஊசி மருந்து, நரம்புல ஏத்தினார். அதுக்குள்ள நாலு போயிடுச்சு. ரெண்டு பொழைச்சுச்சு. செத்த ஆட்டோட ரத்தத்தைப் பார்த்துட்டு, இப்படிப் பளபளன்னு சிவப்பா இருந்தா சோள விஷம்தான்னு சொன்னார். ரத்தத்துல பிராணவாயு இருக்கும், ஆனா உடம்பு அதை எடுத்துக்க முடியாதாம். மூச்சு இருந்தும் மூச்சு முட்டிச் சாகுறது.

நாலும் பெட்டை. ஒண்ணு செனை.

மாமா யாரையும் ஒண்ணும் கேக்கல. பையனைப் பார்த்தார். தொரட்டிக் கம்பைத் திருப்பிப் பிடிச்சு முதுகுல ரெண்டு போட்டார். அந்தச் சத்தம் எனக்கு இன்னிக்கும் கேக்குது. "போனை நோண்டிக்கினு கீற, ஆடு எங்க போவுதுன்னு பாக்கத் தெரியாதா"ன்னு மூணாவதுக்கு ஓங்கினப்ப டாக்டர்தான் கையைப் பிடிச்சார். நான் பிடிக்கல. நான் படல் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். கயிறு தரையில கிடந்தது. என் கால் அது மேல இருந்தது.

வாயைத் திறக்கல. எழுதிட்டேன், இதுதான் விஷயம்.

சாயங்காலம் கறிக்கடைக்காரர் ஒருத்தர் டிவிஎஸ்ல வந்து பாதி விலைக்கு நாலையும் கேட்டார். டாக்டர் புதைக்கச் சொல்லிட்டுப் போயிருந்தார். மாமா, "எவன் புள்ள துன்னாலும் புள்ளதான், போய்யா"ன்னு அனுப்பிட்டார். தோலைக்கூட உரிக்க விடல. ஏரி உள்வாயில குழி வெட்டினோம். நானும் வெட்டினேன், மத்தவங்களை விட அதிகமாவே வெட்டினேன். ஊர்ல ரெண்டு பேர், "பாரு, எப்படி ஒத்தாசை பண்றான்"னு என்னைப் பத்தி நல்லதா வேற சொன்னாங்க.

இங்க ஒரு கல்வெட்டு விஷயம் சொல்லணும். சம்பந்தம் இருக்கு.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை நீங்க பார்த்திருப்பீங்க, இல்லன்னா கேள்வியாவது பட்டிருப்பீங்க. முதலாம் பராந்தகன் காலம், 919-லயும் 921-லயும் வெட்டினது. குடவோலை முறை. முப்பது குடும்பு, குடத்துல ஓலை போட்டு எடுத்து வாரியம் அமைச்ச கதை. சம்வத்சர வாரியம் 12 பேர், தோட்ட வாரியம் 12 பேர், ஏரி வாரியம் 6 பேர். பார்க்க வர்றவங்க எல்லாரும் தேர்தலைப் பத்தித்தான் கேக்குறாங்க. எனக்கு அந்த ஆறு பேர் மேலதான் கண்ணு. ஏரியைப் பார்த்துக்க ஆறு பேர். இன்னிக்கு எங்க ஏரிக்கு மதகுத் திருகு உடைஞ்சா யார்கிட்ட சொல்றதுன்னே ஊருக்குள்ள ரெண்டு அபிப்பிராயம் இருக்கு. இன்னொண்ணு, ஏற்கெனவே வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவன் பேரைக் குடத்துல போடக்கூடாது. அவன் மட்டுமில்ல, அவன் சொந்தக்காரங்களும் கூடாது.

ஆனா நான் சொல்ல வந்த கல்வெட்டு இது இல்ல. சோழர் காலத்துக் கோயில்கள்ல நந்தா விளக்குக்கு ஆடு குடுத்த கல்வெட்டு நிறைய இருக்கு. நந்தா விளக்குன்னா ராத்திரி பகல் அணையாம எரியுற விளக்கு. ஒரு விளக்குக்குத் தொண்ணூறு ஆடு, சில இடத்துல தொண்ணூத்தாறு. தஞ்சாவூர் பெரிய கோயில்ல தொண்ணூத்தாறு ஆடு, இல்லன்னா நாப்பத்தெட்டு பசு, இல்லன்னா பதினாறு எருமை, இதுல எதைக் குடுத்தாலும் ஒரு விளக்கு, தினம் ஒரு உழக்கு நெய். ஆட்டை வாங்கிக்கிட்டு மேய்க்கிறவங்க நெய்யை அளந்துகிட்டே இருக்கணும். அந்த ஆட்டுக்குக் கல்வெட்டுல ஒரு பேர் இருக்கு: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடு.

முதல் தடவை இதை ஒரு தமிழாசிரியர்கிட்ட கேட்டப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சாகாத ஆடு எங்க இருக்கு? அவர் விளக்கினார். ஆடு சாகும், கிழமாகும். ஆனா கணக்கு சாகாது. ஒண்ணு போனா குட்டியில ஒண்ணை அந்த இடத்துல வச்சுக்கணும். தொண்ணூறுன்னா எப்ப எண்ணினாலும் தொண்ணூறு. மேய்க்கிறவன் செத்தா அவன் பிள்ளை. விளக்கு எரியணும், அவ்வளவுதான்.

இதை ஒரு தடவை மாமாகிட்ட சொல்லி, தொண்ணூறு ஆட்டுல தினம் ஒரு உழக்கு நெய் வருமான்னு கேட்டிருக்கேன். "இந்த ஆட்டுலயா? குட்டி குடிக்கவே பத்தாது. அந்தக் காலத்து ஆடு வேற போலக்கீது"ன்னு சொல்லிட்டு, கொஞ்சம் யோசிச்சு, "இல்லன்னா, நெய்யை எங்கனா வாங்கி ஊத்தியிருப்பான் பாவம்"னார்.

சரி, கதைக்கு வர்றேன். செத்த மறுநாள் பூரா நான் கழனிப் பக்கம் போகல. கன்னுக்குட்டிச் சாக்கு. ராத்திரி மாமாவுக்கும் பையனுக்கும் எங்க வீட்டுலேர்ந்துதான் சாப்பாடு போகும். அன்னிக்கு என் வீட்டுக்காரி எடுத்துட்டுப் போய் வந்து, "அந்தப் பையன் சட்டையே போடாம குப்புறப் படுத்திருக்கான், முதுகு தடிச்சுப் போயிருக்கு"ன்னா. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அதுக்கு அடுத்த நாள்தான் போனேன், நானே சோத்துப் பாத்திரத்தை எடுத்துக்கிட்டு. வலை கட்டி முடிச்சு மாமா பீடி பத்த வச்சிருந்தார். எண்ணி அடைச்சாச்சான்னு கேட்டேன். "எண்ணாம? நூத்தி எண்பத்திரெண்டு"ன்னார்.

சொன்னேன். படலைத் திறந்தது நான், கயிறு கட்டாம போனது நான், தெரிஞ்சே போனேன்னு சொன்னேன். மொத்தமா ரெண்டு நிமிஷப் பேச்சு. ரெண்டு நாளா மனசுக்குள்ள பெரிசா எழுதி வச்சிருந்ததுல பாதி வரல.

அவர் பீடியைக் கீழ போட்டு மிதிச்சார். ரொம்ப நேரம் ஆட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார். எனக்குத் திட்டு விழும்னு நெனச்சேன், விழுந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

"அடி வாங்குனது அவன். அவங்கிட்டப் போயி சொல்லு"ன்னார்.

பதிமூணு வயசுப் பையன்கிட்ட அம்பது வயசு ஆளு என்னன்னு சொல்றது? போய் பக்கத்துல உட்கார்ந்தேன். சொன்னேன். அவன் எழுந்து உட்கார்ந்து, என் மூஞ்சியைப் பார்க்காம, "நானும் போன்தான் பாத்துக்கினு இருந்தேன் அண்ணா"ன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தச் செனை ஆடு என்னாண்ட வரும். பேர் சொல்லிக் கூப்ட்டா வரும்"னான். என்ன பேர்னு கேக்க எனக்கு வாய் வரல.

மறுநாள் காலையில முப்பத்தாறாயிரம் எடுத்துக்கிட்டுப் போனேன். உருப்படிக்கு ஒன்பதாயிரம், அன்னைய சந்தை விலை. கூடவே கிடைக்கூலி, ராத்திரிக்கு ஆயிரம் மேனி. கூலியை எண்ணி வாங்கிக்கிட்டார். மத்ததைத் தொடல.

"துட்டு வாணாம் மாப்ள. துட்டு குடுத்தா கல்யாணத்துல பந்தலுக்குப் போவும், சமையல்காரனுக்குப் போவும். ஆடா குடு. நாலு பெட்டை."

"செனை ஒண்ணு இருந்துச்சே மாமா, அதுக்கு?"

"பொறக்காததுக்கு ஏது கணக்கு? நாலு போச்சு, நாலு குடு."

அப்படியே வாரச்சந்தைக்குப் போய் நாலு வாங்கிட்டு வந்தேன். நெல்லு, மாடுன்னா எனக்குத் தெரியும், ஆட்டுல நான் ஏமாளி. கொண்டாந்து இறக்கினா, மாமா ஒவ்வொண்ணா வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். மடியைத் தடவினார். கண்ணோட கீழ் இமையை இழுத்து சிவப்பு இருக்கான்னு பார்த்தார். வெளுத்திருந்தா வயித்துல புழு, ரத்தம் கிடையாது. மூணு எடுத்துக்கிட்டார். ஒண்ணைத் தள்ளிட்டார். "இது கெழம். பல்லு தேஞ்சு கீது. உன்னாண்ட தள்ளிவுட்டுட்டான்." ஒன்பதாயிரம் குடுத்த ஆடு. அடுத்த வாரம் அவரையும் கூட்டிக்கிட்டுப் போய் ஒண்ணு வாங்கினோம். எட்டாயிரத்துக்கே முடிச்சார். அந்தக் கிழ ஆடு எங்க வீட்டு மாட்டுக் கொட்டகையிலயே ஆறு மாசம் இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி வலை கட்டி எண்ணினப்ப நூத்தி எண்பத்தாறு. கல்வெட்டு அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அந்த மனுஷனுக்கு அதெல்லாம் தெரியாது.

ஆனா அந்தக் கணக்கு நிக்கிறதுக்கு ஆடு மட்டும் போதாது, மேய இடம் வேணும். எங்க கிராமத்து அ-பதிவேட்டுல மேய்க்கால் புறம்போக்குன்னு இருக்கு, மந்தைவெளின்னு இருக்கு. காகிதத்துல பசுமையா இருக்கு. போய்ப் பார்த்தா ஒரு பக்கம் தண்ணி டேங்க், ஒரு பக்கம் கட்டடம், மீதி சீமைக்கருவேலம். ஊர்ப் பொது நிலத்தை, மேய்ச்சல் தரையை ஆக்கிரமிப்புலேர்ந்து மீட்கணும்னு உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில ஜக்பால் சிங் வழக்குல தீர்ப்பு சொன்னது. நல்ல தீர்ப்பு. எங்க ஊர்ல அதைப் படிச்ச ஆள் நான் ஒருத்தன்தான்னு நெனைக்கிறேன். படிச்சு என்ன பண்ணினேன்னு கேட்டா, ஒரு மனு குடுத்தேன். அதோட சரி. ஏன்னா அந்தப் புறம்போக்கு ஓரத்துல எங்க சித்தப்பா வைக்கோல் போர் போட்டிருக்கார்.

அக்கா பையன் ஆஸ்திரேலியாவுல இருக்கான். அங்க நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து பக்கம் ஆடு மாடு ஓட்டிக்கிட்டுப் போறதுக்குன்னே அரசாங்கம் ஒதுக்கி வச்ச பாதை இருக்காம், ரோடு ஓரமா அகலமா புல்லு விட்டு. வறட்சி வந்தா ரயில் மாதிரி ஆயிரக்கணக்குல மாட்டை அதுல மேய்ச்சுக்கிட்டே மாசக்கணக்குல போவாங்களாம். படம் அனுப்பியிருந்தான். செம்மண்ணு, ஒத்தை மரம், கண்ணுக்கெட்டுன தூரம் ஒண்ணுமில்ல. ஸ்பெயின்ல மேய்ப்பனுங்க 1994-லேர்ந்து வருஷா வருஷம் மாட்ரிட் நகரத்துக்கு நடுவுலயே ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போறாங்க. 1418-ல போட்ட ஒப்பந்தப்படி ஆயிரம் ஆட்டுக்கு அம்பது காசு, அந்தக் காலத்துக் காசு, நகராட்சிக்குக் கட்டிட்டு. வழி எங்களோடதுன்னு ஞாபகப்படுத்துறதுக்கு. இந்த 2026-ஐ ஐ.நா. சபை மேய்ச்சல் நிலத்துக்கும் மேய்க்கிறவங்களுக்குமான ஆண்டுன்னு அறிவிச்சிருக்குன்னு மாமாகிட்ட சொன்னேன். "அப்ப போரூர்ல வழி வுடுவானா?"ன்னு கேட்டார். போரூர்ல அவருக்கு என்ன வேலைன்னு தெரியல, கிண்டல்தான்.

பொடவைக்கு வர்றேன். ஆடியில மாமாவும் அத்தையும் பொண்ணும் பிள்ளையார்பாளையம் வந்தாங்க. மச்சினன் வீட்டுல தறி, கூடத்துலயே பள்ளம். மச்சினன் குழியில கால விட்டு உட்கார்ந்திருக்க, கோர்வைப் பொடவைங்கறதால இன்னொரு பக்கம் அவன் பொண்டாட்டி உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளிக்கிட்டு இருந்தா. உடம்பு ஒரு நூலு, கரை ஒரு நூலு, ஒவ்வொரு ஊடைக்கும் ரெண்டையும் கோத்துக்கிட்டே போகணும். அதனாலதான் கரை தனியாக் கிழியாது. மாமா அரை மணி நேரம் நின்னு பார்த்தார். "இதுக்கும் பக்கத்துல ஒரு ஆளு வேணும் போலக்கீது"ன்னார். மச்சினன், "அதான் மாமா ஆள் கெடைக்கல, புள்ளைங்க யாரும் உக்கார மாட்டேங்கறாங்க"ன்னான். அப்புறம் ரெண்டு பேரும் பிள்ளைங்களைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாங்க. பொடவை பார்க்க வந்த விஷயமே மறந்து போச்சு.

பொண்ணு எடுத்தது அரக்கு. எல்லாரும் மயில்கழுத்து எடு, எலுமிச்சை எடுன்னாங்க, அது கேக்கல. மாமா துணியை விரல்ல கசக்கிப் பார்த்துட்டு, "நம்ம ஆட்டு கலரு"ன்னார். பொண்ணு மூஞ்சி அப்படியே சுண்டிப் போச்சு. அத்தை தலையில அடிச்சுக்கிச்சு. ஆனா அதைத்தான் எடுத்தாங்க. நாலு பெட்டை வித்த காசு, அதுக்கு மேல கொஞ்சம் ஆச்சு. அந்தக் கொஞ்சத்தை மட்டும் நான் போட விட்டார்.

இந்தப் பங்குனியில வருவாரான்னு எனக்கு நிச்சயமில்ல. அவங்க ஊர்லேர்ந்து எங்க ஊருக்கு வர்ற வண்டிப்பாதையில மனை போட்டுக் கல்லு நட்டு, குறுக்க காம்பவுண்டு எழுப்பிட்டாங்க. ரோடு வழியா நூறு ஆட்டை ஓட்டினா கம்பெனி பஸ்ஸும் லாரியும் அடிச்சுட்டுப் போயிடும். பையன் ஒன்பதாவது போயிட்டான். மாமாவுக்குக் கண்ணுல புரை. கோடையில கிடை இல்லன்னா யூரியாதான், ரெண்டு மூட்டைக்குச் சொல்லியும் வச்சிருந்தேன்.

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வந்துச்சு. எடுத்ததும் நலம் விசாரிப்பெல்லாம் இல்ல.

"சோளம் போட்டிருக்கியா?"

"இல்ல மாமா. கம்பு நேப்பியர் போட்டிருக்கேன்."

"அத்த துன்னா ஒண்ணும் ஆவாதே?"

"ஆகாது மாமா."

"அப்ப சரி. ஞாயித்துக்கெழம வரேன். டாட்டா ஏஸ் வச்சி ரெண்டு மூணு நடையா ஏத்தியாரணும். வாடகை பாதி நீ குடுத்துடு."

ஞாயித்துக்கிழமை நாலு நடை ஆச்சு. நூத்தி நாப்பத்தொண்ணுதான் இப்ப. பையன் முன் சீட்டுல உட்கார்ந்து வந்தான், ஒரு அடி வளர்ந்திருக்கான். இறங்கினதும் முதல் வேலையா நேப்பியர் கழனிப் படலைப் போய்ப் பார்த்தான். கயித்தைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துட்டு, ஆட்டை இறக்கப் போனான்.